சீமாட்டி பெயரில் ஒரு காலியிடம்

ஒரு குதிரைக்கு அடுத்த வருஷம் குட்டி வேண்டாம் என்று முடிவெடுக்கப் பண்ணைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்த முடிவை ஒரு படிவத்தில் எழுத ஒன்பது மாதம் ஆயிற்று. அந்த ஒன்பது மாதத்தில் குதிரை பேசாமல் சினையாகித் தொலைத்திருந்தால், இன்னும் இரண்டே மாதத்தில் குட்டி போட்டுவிட்டு எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் தீர்த்திருக்கும்.

முடிவெடுத்த இடம் தீவன அறை. பண்ணைக்காரர் ஓட்ஸ் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். பண்ணைக்காரம்மா தகர டப்பாவால் தவிடு அளந்துகொண்டிருந்தார். விஷயம் இதுதான். அவர்களிடம் இருக்கும் பந்தய வம்சக் குதிரை சீமாட்டிக்குப் பதினாறு வயது. ஒன்பது குட்டி போட்டாயிற்று. ஒன்பதாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், டாக்டர் தோள்வரை நனைந்து, விடியும்போது வெளியே வந்து சொன்னார்: "இன்னொரு தடவை இப்படின்னா என்னைக் கூப்பிடாதீங்க. குழி வெட்டறவரைக் கூப்பிடுங்க."

அது ஒரு பக்கம். சந்தை இன்னொரு பக்கம். போன ஏலத்துக்கு அவர்கள் கொண்டுபோன ஆண்குட்டி பளபளவென்று தேய்க்கப்பட்டு மைதானத்தில் மூன்று சுற்று வந்தது. ஏலம் போடுகிறவர் தொண்டை கட்டும்வரை கூவினார். முன்வரிசைக்காரர்கள் இலவச பிஸ்கெட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் கையைத் தூக்கினார். பண்ணைக்காரருக்கு உயிர் வந்தது. கை தூக்கியவர் இன்னொரு டீ கேட்டிருக்கிறார். குட்டி எந்த வண்டியில் போனதோ அதே வண்டியில் திரும்பி வந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு சவாரிப் பள்ளிக்காரர் வந்து, பெரிய மனது பண்ணி, அந்தக் குட்டியின் அப்பாவைச் சேர்க்கைக்கு விட்டதற்குக் கொடுத்த கட்டணத்தில் பாதியைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனார். தீவனம், லாடம், டாக்டர், இரண்டு வருஷ உழைப்பு எல்லாம் பண்ணைக்காரரின் அன்பளிப்பு.

"இந்த வருஷம் விட்டுடலாம்" என்றார் பண்ணைக்காரர்.

"விட்டுடுங்க. அவ இருந்தா போதும்" என்றார் பண்ணைக்காரம்மா.

அவ்வளவுதான். இதில் ஒரு கழகம் நுழைய என்ன இடம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பண்ணைக்காரரும் அப்படித்தான் கேட்டார்.

உயர்குல அசுவ வம்சாவளிக் காப்புக் கழகம் என்று அதற்குப் பெயர். ஒரு குதிரை குதிரைதானா என்று சொல்லும் அதிகாரம் அதற்கு மட்டும்தான் உண்டு. அங்கே ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் பெயர் இருந்தால் குதிரை. இல்லாவிட்டால் நான்கு காலும் ஒரு வாலும் உள்ள ஏதோ ஒன்று, ஏலத்துக்குள் விடமாட்டார்கள். தாயின் பெயரைப் புத்தகத்தில் அடித்தால் பால் குடிக்கிற குட்டியின் பெயரையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். சீமாட்டியின் ஒன்பதாவது குட்டி, நெட்டைக் கால் பெண்குட்டி, அப்போது பால் குடித்துக்கொண்டிருந்தது. பண்ணைக்குக் கொஞ்சமாவது மூச்சு வரவேண்டுமென்றால் அதை நல்ல விலைக்கு விற்றாக வேண்டும்.

கழகத்தின் தாழ்வாரத்தில் பழைய தலைவர்களின் படங்களும் கோப்பை வாங்கிய குதிரைகளின் படங்களும் ஒரே அளவுச் சட்டத்தில் மாட்டியிருந்தன. எப்போதோ வெள்ளையடித்தபோது கீழேயுள்ள பெயர்ப்பலகைகள் ஒரு இடம் தள்ளி மாட்டப்பட்டுவிட்டன. அதனால் ஒரு செம்பழுப்புக் குதிரையின் கீழ் 'தொலைநோக்குச் சிந்தனையாளர்' என்றும், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவரின் கீழ் 'ஈரத் தரையில் சிறப்பாக ஓடக்கூடியது' என்றும் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் புகார் சொல்லவில்லை.

கவுன்டர்காரர் படிவத்தைத் தள்ளினார். பெண்குதிரை ஒவ்வொன்றுக்கும் வருஷா வருஷம் அடுத்த குட்டியைப் பற்றிச் சொல்லவேண்டிய படிவம். அதில் நான்கு கட்டங்கள்: சினை, கருச்சிதைவு, மரணம், மலடு.

பண்ணைக்காரர் நான்கையும் இரண்டு தடவை படித்தார். "இதுல எதுலயும் வரலைங்களே."

"வரும். நல்லாப் பாருங்க. சினையா இருக்கா?"

"இல்ல."

"கலைஞ்சுதா?"

"இல்ல."

"செத்துப்போச்சா?"

"ஐயோ, நல்லா இருக்குங்க."

"அப்போ மலடு. டிக் பண்ணுங்க."

"மலடு இல்லைங்க. ஒன்பது குட்டி போட்டிருக்கு. ஒன்பதாவது இப்பவும் பக்கத்துல நின்னு பால் குடிக்குது."

"நான் போன குட்டியைக் கேக்கல சார். அடுத்த குட்டி எங்க?"

"அடுத்தது வேண்டாம்னு இருக்கோம்."

கவுன்டர்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "யாரு வேண்டாம்னது?"

"நாங்கதான்."

"அது உங்க நிலை. படிவம் குதிரையோட நிலையைக் கேக்குது. டிக் போடாத படிவத்தைக் கம்ப்யூட்டர் வாங்காது. மலடுன்னு போட்டா ஒரு நிமிஷ வேலை, நீங்களும் வீட்டுக்குப் போகலாம், நானும் சாப்பிடப் போகலாம்."

பண்ணைக்காரர் வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கமிருந்து, "என்ன வேணா எழுதுங்க. அந்த வார்த்தையை மட்டும் உங்க கையால எழுதாதீங்க" என்று வந்தது.

அவருக்குப் புரிந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். குழந்தை இல்லை. அந்த வார்த்தை எத்தனை வீட்டுக் கூடத்தில், எத்தனை விசேஷத்தில், காதில் விழுகிற தூரத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்று அவருக்கும் தெரியும். அவருடைய சொந்த அத்தையே பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில் சொல்லியிருக்கிறார், சத்தம் நின்றதைக் கவனிக்காமல்.

திரும்பிப் போனார். நான்கு கட்டத்துக்கும் கீழே 'குறிப்பு' என்று ஒரு கோடு இருந்தது. பண்ணைகளில் சினையில்லாத குதிரையைக் காலி என்றுதான் சொல்வார்கள். அதில் குற்றமும் இல்லை, குறையும் இல்லை. காலி வண்டி, காலி டப்பா என்பதுபோல ஒரு வார்த்தை. அவர் அழகான கையெழுத்தில், 'இந்த வருஷம் காலி' என்று எழுதினார். மலடு என்ற கட்டத்தில் கை வைக்கவில்லை. கவுன்டர்காரருக்குப் பசி. வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பண்ணைக்காரர் அன்று வண்டியில் பாட்டு கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பாவம்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. அனுப்பியது கழகத்தின் காலியிட நிரப்புப் பிரிவு. 'தங்கள் பண்ணையில் பதிவு எண் 417-இல் ஓர் இடம் காலியாக உள்ளதாகத் தாங்களே தெரிவித்துள்ளீர்கள். விதிப்படி மேற்படி காலியிடம் உரிய நியமனத்தின் மூலம் நிரப்பப்படும். நிரப்ப ஒத்துழைக்காத பட்சத்தில் பதிவு எண் 417 ஒழிக்கப்படும்.'

417 என்பது சீமாட்டி.

அலறி அடித்துக்கொண்டு ஓடினார். பிரிவு அதிகாரி அவரை எழுந்து நின்று வரவேற்றார். அறையில் பதினோரு மேசைகள், பதினோரு பேர். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பண்ணைக்காரருக்கு யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

"உக்காருங்க சார். உங்களைப் பார்க்கணும்னு எல்லாரும் சொல்லிட்டே இருந்தாங்க" என்றார் பிரிவு அதிகாரி. "இந்தப் பிரிவுக்குக் காலியிடம்னு ஒண்ணு வந்து ஆறு வருஷம் ஆச்சு. கழகத்துல எல்லா வேலையும் தலைவரோட சொந்தக்காரங்களால நிரம்பிடுச்சு. அதுல நானும் ஒருத்தன், மறைக்கல. ஆறு வருஷமா வர்றோம், கையெழுத்துப் போடறோம், போறோம். மனுஷனுக்கு வேலை செய்யணும்னு ஒரு ஆசை இருக்காதா சார்? உங்க படிவத்துல அந்த வார்த்தையைப் பார்த்ததும் எங்க சூப்பிரண்டு அழுதுட்டார்."

மூலையில் இருந்த சூப்பிரண்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

"சார், நான் எழுதின காலி வேற. வயித்துல குட்டி இல்லைன்னு அர்த்தம். வேலை காலின்னு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே. ஒரு இடம் இருக்கு. அதுல இருக்க வேண்டியது இல்ல. அப்போ நிரப்பணும்."

"நிரப்பினா அது செத்துப்போயிடும் சார். டாக்டர் சொல்லியிருக்கார்."

"செத்தா அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு" என்றார் பிரிவு அதிகாரி ஆறுதலாக. "இல்ல, உங்களுக்கு இந்த அலைச்சலே வேண்டாம்னா காலியை அடிச்சுட்டு மலடுன்னு மாத்திக் குடுத்துடுங்க. பிரிவுக்கு நஷ்டம்தான். ஆனா வந்த விருந்தாளியை வற்புறுத்தக் கூடாது."

பண்ணைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். மாற்றவும் முடியாது, நிரப்பவும் முடியாது. மேலிடத்தில் சொல்லிப் பார்க்கலாம் என்று, அந்த மாதக் கடைசியில் நடந்த சந்தை மீட்சிக் கூட்டத்துக்குப் போனார். குதிரை வளர்ப்பவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யார் முகத்திலும் ரத்தமில்லை. தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே, சந்தை பலவீனமா இருக்குன்னு சிலர் பேசறாங்க. சந்தை பலவீனமா இல்ல. வாங்கறவங்கதான் பலவீனமா இருக்காங்க. அவங்களை ஒதுக்கிட்டுப் பார்த்தா சந்தை அருமையா இருக்கு. போன வருஷம் நூறு குட்டி ஏலத்துக்கு வந்துச்சு. நாப்பது வித்துச்சு. நான் ராத்திரி பகலா யோசிச்சேன். இதுக்கு ஒரே வழி, இந்த வருஷம் இருநூறு குட்டி கொண்டுவரணும். அப்போ எண்பது விக்கும். விற்பனை ரெட்டிப்பு!"

கைதட்டல். தட்டியவர்கள் மேடையில் இருந்தவர்கள்.

பண்ணைக்காரர் எழுந்து நின்றார். "விக்காத நூத்தியிருபதை என்ன பண்றதுங்க?"

தலைவர் புன்னகை செய்தார். "நல்ல கேள்வி. விக்காத குட்டி கழகத்தோட பார்வைக்கு வர்றதில்ல. பதிவுக் கட்டணம் கட்டினதோட அது நம்ம குட்டி இல்ல, உங்க குட்டி. குட்டி பிறந்தாத்தான் கழகம் இருக்கும். கழகம் இருந்தாத்தான் குட்டியைப் பதிவு பண்ண முடியும். ஒருத்தர் குட்டி வேண்டாம்னா என்ன அர்த்தம்? நான் வேண்டாம், இந்தக் கட்டடம் வேண்டாம், இந்த ஒலிபெருக்கி வேண்டாம்னு அர்த்தம். அப்படிப்பட்டவங்க நம்மில் யாரும் இருக்க மாட்டாங்கன்னு நம்பறேன்."

பக்கத்தில் இருந்தவர் பண்ணைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

காலியிட நிரப்புப் பிரிவு சும்மா இருக்கவில்லை. ஆறு வருஷப் பசி. அறிவிப்புப் பலகையில் விளம்பரம் ஒட்டினார்கள்: 'பெண்குதிரை எண் 417-க்குத் தகுதியுள்ள பொலிகுதிரைகளிடமிருந்து விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன. நேரடி நியமனம் மட்டும்.' இந்தக் கடைசி வரி மட்டும் சரி. பந்தய வம்சத்தில் ஊசி மூலம் சினை பிடிக்கவைத்தால் புத்தகத்தில் ஏற்றமாட்டார்கள். குதிரை நேரில் வந்தாக வேண்டும்.

பொலிகுதிரை, அதாவது சினைக்கு விடும் ஆண்குதிரை, வைத்திருப்பவர்களும் இந்தச் சந்தையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்தான். விண்ணப்பங்கள் குவிந்தன. தன்விவரக் குறிப்பு, இரண்டு புகைப்படம், நன்னடத்தைச் சான்றிதழ். நேர்காணலுக்கு இடத்தின் உரிமையாளர் என்ற முறையில் பண்ணைக்காரரையும் கூப்பிட்டார்கள். நடுவில் தலைவர், இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள், ஓரத்தில் பிரிவு அதிகாரி.

முதல் விண்ணப்பம் ஒரு செத்துப்போன குதிரையின் மகனுடையது. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் வாரிசு வேலை வேண்டுமாம். உறுப்பினர்கள் இரங்கல் தெரிவித்தார்கள். அப்பா சீமாட்டியிடம் பணியில் இருந்ததே இல்லை என்று பண்ணைக்காரர் சொன்ன பிறகுதான் அதை ஒதுக்கினார்கள், அதுவும் மனசில்லாமல்.

இரண்டாவதாக வந்தது சீமாட்டியின் மூன்றாவது குட்டி. இப்போது வளர்ந்து வாட்டசாட்டமாக இருந்தது.

"இது அதோட பிள்ளைங்க" என்றார் பண்ணைக்காரர்.

"அப்போ துறைக்குள்ளேயே இருக்கறவர் விண்ணப்பம். முன்னுரிமை உண்டே" என்றார் ஓர் உறுப்பினர், விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே.

"பெத்த பிள்ளைங்க!"

தலைவர் சட்டென்று முகம் சிவந்தார். "சேச்சே, சொந்தக்காரங்களுக்கு வேலை குடுக்கற பழக்கம் இந்தக் கழகத்துல கிடையாது." பிரிவு அதிகாரி குனிந்து பேனாவைத் தேடினார்.

மூன்றாவதாக ஓர் இளம் குதிரையின் படம். கழுத்தும் தோளும் கண்ணைப் பறித்தன. பண்ணைக்காரர் கணக்குப் போட்டார். இது மட்டும் வந்தால் ஒரே நாளில் சினை நிச்சயம், பதினொரு மாதத்தில் குழியும் நிச்சயம்.

நான்காவது படத்தில் ஒரு குதிரை சுவரில் சாய்ந்து நின்றது. வயது இருபத்தேழு. பண்ணை வட்டாரத்தில் அதைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்வரிசையில் பல் கிடையாது. ஐந்து வருஷமாக அதன் பெயரில் ஒரு குட்டிகூட இல்லை. போன வருஷம் ஒரு பெண்குதிரையிடம் கொண்டுபோய் விட்டபோது அதன் முதுகில் தலையை வைத்துத் தூங்கிவிட்டதாகப் பேச்சு.

பிரிவு அதிகாரி படித்தார்: "மூப்புப் பட்டியல்ல இதான் முதல்."

பண்ணைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"தகுதி?" என்றார் ஓர் உறுப்பினர்.

"தகுதியைப் பார்க்க ஆரம்பிச்சா நாம யாரும் இந்த நாற்காலியில உக்கார முடியாது" என்றார் தலைவர். அதில் எந்தக் கிண்டலும் இல்லை, விதியைத்தான் சொன்னார். "இருபத்தேழு வருஷம்! அனுபவத்துக்கு மரியாதை குடுக்கணும். நியமிச்சுடுங்க."

பண்ணைக்காரர் அன்று தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியது. தலைவர் அதைத் தன் ஆட்சித்திறனுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

தாத்தா ஒரு லாரியில் நியமன ஆணையோடு வந்து இறங்கியது. இறங்கவே அரை மணி நேரம். ஆணையில் 'உணவு, உறைவிடம் காலியிடத்தின் உரிமையாளரின் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தது. குட்டி வளர்க்கிற செலவுக்குப் பயந்து குட்டி வேண்டாம் என்ற மனிதர், இப்போது குட்டி வராமல் பார்த்துக்கொள்ள ஒரு முழுக் குதிரைக்குத் தீவனம் போட்டார். பல் இல்லாததால் அதற்கு எல்லாவற்றையும் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். பண்ணைக்காரம்மாதான் ஊறவைத்தார். "கல்யாண வயசு மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பண்ணமாட்டாங்க" என்று முணுமுணுத்தாலும், ஒரு நாளும் மறக்கவில்லை.

கழகத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். தாத்தாவைச் சீமாட்டியிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அது அவள் கழுத்தை முகர்ந்தது. அவள் ஒரு உதை விட்டாள். அது போய் நிழலில் நின்றுகொண்டது. வந்தவர் 'பணியில் சேர்ந்தது' என்று எழுதிக்கொண்டு போனார்.

பருவம் முடிந்தது. டாக்டர் வந்து சோதித்து, கரு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பண்ணைக்காரர் அந்தச் சான்றிதழைக் கழகத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். ஒரு வாரம் தூங்கியிருப்பார்.

எட்டாவது நாள் நோட்டீஸ் வந்தது. 'காலியிடம் முறைப்படி நிரப்பப்பட்டது. நியமிக்கப்பட்டவர் மூப்பில் முதன்மையானவர் ஆதலால் அவரிடம் குறை இருக்க வாய்ப்பில்லை. எனவே எண் 417 மலடு எனப் புத்தகத்தில் ஏற்றப்படும். அதன் பெண்குட்டியின் பதிவிலும் மலட்டுத் தாய் வழி எனக் குறிக்கப்படும். ஆட்சேபணை இருப்பின் நேரில் தெரிவிக்கலாம்.'

பண்ணைக்காரர் அந்தக் காகிதத்தை ஒளித்துவைக்கப் பார்த்தார். ஒளிக்கத் தெரியாத மனிதர். பண்ணைக்காரம்மா அதை வாங்கிப் படித்தார். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "நான் வர்றேன்" என்றார்.

விசாரணை அதே அறையில், அதே நாற்காலிகளில். கவுன்டர்காரர் நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தார்.

"குறை அந்தக் கிழக் குதிரைகிட்ட இருக்குங்க" என்று பண்ணைக்காரர் தொடங்கினார். "ஐந்து வருஷமா..."

"அதை நியமிச்சது நாங்க" என்றார் தலைவர். "எங்க நியமனத்துல குறைன்னு சொல்றீங்களா?"

ஒன்பது மாதமாகப் பண்ணைக்காரர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து, வேறு அர்த்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இனிமேல் எதைச் சொன்னாலும் இன்னொரு பிரிவு எழுந்து நின்று கைகூப்பும் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

பண்ணைக்காரம்மா முன்னால் வந்தார். "ஐயா, அந்த வார்த்தையை எழுதாதீங்க. அவ மலடு இல்ல."

"அம்மா, இது வெறும் நிர்வாகச் சொல். யாரையும் புண்படுத்தறதுக்கு இல்ல."

"அப்போ மாத்தறதுல கஷ்டம் இருக்காதே. வேண்டாம்னு ஒரு கட்டம் போடுங்க. நாங்க வேண்டாம்னு இருந்தோம், அதான் உண்மை."

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "உலகத்துல யாரும்மா வேண்டாம்னு இருப்பாங்க? வாரிசு வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா? கிடைக்காதவங்க மனசைத் தேத்திக்கறதுக்குச் சொல்ற பேச்சு அது. அதுக்கெல்லாம் கட்டம் போட முடியாது."

"நாங்க சொன்னோம்."

"குதிரைக்குத்தானே..."

"எங்களுக்கு. எனக்கும் ஒண்ணும் குறை இல்ல, இவருக்கும் ஒண்ணும் குறை இல்ல. கல்யாணமான ரெண்டாவது வருஷம் உக்காந்து பேசினோம். நாம ரெண்டு பேரும் இந்தக் குதிரைங்களும் போதும், குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணோம். சந்தோஷமாத்தான் இருந்தோம், இருக்கோம். ஊரே என்னை அந்தக் கட்டத்துல போட்டு டிக் பண்ணிடுச்சு. நான் வாயைத் திறக்கல. ஆனா அவளுக்கும் அதையே எழுதறதைப் பார்த்துட்டு நிக்க முடியாது."

பண்ணைக்காரர் மனைவியைப் பார்த்தார். இந்த விஷயம் அவர்கள் இரண்டு பேரையும் தவிர மூன்றாவது காதுக்குப் போனதே இல்லை.

தலைவரின் முகம் மெல்ல மாறியது. இரக்கம் வழிந்தது. "ஐயோ பாவம். முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா." பிரிவு அதிகாரி பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படியான ரகசியக் குரலில், "நல்ல டாக்டர் நம்பர் இருந்தா குடுங்க" என்றார்.

"என் மச்சினிக்கு நாப்பத்தாறு வயசுல ரெட்டைக் குழந்தை" என்று ஓர் உறுப்பினர் தெம்பூட்டினார்.

கவுன்டர்காரர் எழுதியதை வழக்கப்படி உரக்கப் படித்தார்: "'மனுதாரரின் மனைவி, குழந்தை இல்லாத துயரத்தில் பேசியதாகக் கருதப்படுகிறது. ஆட்சேபணை தள்ளுபடி செய்யப்படுகிறது.'"

பண்ணைக்காரம்மா அவர் மேசைக்குப் போனார். அங்கே கிடந்த ஸ்கேலையும் பேனாவையும் எடுத்தார். சீமாட்டியின் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, நான்கு கட்டங்களுக்குக் கீழே நிதானமாக ஐந்தாவதாக ஒன்று வரைந்தார். நான்கு பக்கமும் கோடு நேராக வந்தது. பக்கத்தில் 'வேண்டாம்' என்று எழுதி, உள்ளே டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

"படிவத்துல இல்லாத கட்டம் செல்லாது" என்றார் கவுன்டர்காரர், பதறிப்போய்.

"தெரியும்."

பிரிவு அதிகாரி ஓடிவந்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க. இது விதிமீறல். பேரையே அடிச்சுடுவாங்க. தாயும் போச்சு, குட்டியும் போச்சு. ஏலத்துல ஒரு பைசா தேறாது. குதிரையே போயிடும் சார்!"

பண்ணைக்காரர் மனைவியின் கையிலிருந்து பேனாவை வாங்கினார். மனைவியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

"குதிரை எங்கேயும் போகாது. வீட்டுல புல்லு தின்னுட்டிருக்கு" என்றார்.

தலைவர் சிவப்பு மை கொண்டுவரச் சொன்னார். பெயரை அடிப்பதை உரிமையாளர்கள் இருந்து பார்க்க வேண்டும் என்று விதி. பார்த்தார்கள். முதலில் தாய், பிறகு குட்டி. இரண்டு கோடு, அரை நிமிஷம். அந்தப் பெண்குட்டியை நம்பிப் பண்ணைக்காரர் ஒரு வருஷத்தைத் தள்ளலாம் என்றிருந்தார். வருத்தத்தை ஒளிக்க அவர் முயற்சி செய்யவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

வண்டியில் ஏறிய பிறகும் அவர் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லலையே" என்றார் கடைசியில். "எங்க அத்தை, உங்க அக்கா, அத்தனை பேர் அவ்வளவு பேசினப்பவும் சொல்லல. போயும் போயும் இவங்ககிட்ட ஏன் சொன்ன?"

பண்ணைக்காரம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"வேண்டாம்னு யாராவது சொல்வாங்களான்னு அந்தத் தலைவர் கேட்டார். மத்த எல்லாரும் ஏன் இல்லைன்னுதாங்க கேட்டாங்க. வேணுமான்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."